தொடக்கத் தடையும் அதன் பாடபேதங்களும்

லினக்ஸ் இயங்குதளம் நிறுவப்பட்ட கணினி, மின்சாரம் பெற்ற பின்னும் கடவுச்சொல் கேட்கும் திரைவரை வந்து சேராத நிலை இக்கட்டுரையில் ‘தொடக்கத் தடை’ எனப்படும். இத்துறையின் பழைய சான்றுகளுள் தலையாயது, லிலோ என்னும் பூட்லோடர், அதாவது வட்டிலுள்ள இயங்குதளக் கருவான கெர்னலை நினைவகத்தில் ஏற்றி இயக்கிவிடும் சிறுநிரல், தன் பெயரையே எழுத்தெழுத்தாகத் திரையில் அச்சிட்டு விட்டுச்சென்ற நான்கெழுத்துப் பாடமாகும். ‘எல்’ மட்டும் தோன்றி நின்றால் முதற்படி இயங்கியது, இரண்டாம் படியை ஏற்ற முடியவில்லை. ‘எல்-ஐ’ என நின்றால் இரண்டாம் படி ஏறியும் இயங்கவில்லை. ‘எல்-ஐ-எல்’ என நின்றால் இரண்டாம் படி இயங்கத் தொடங்கியும் தனக்குரிய அட்டவணையைப் படிக்க இயலவில்லை. நான்கும் நிறைந்தால் குறையில்லை. கல்வெட்டு சிதைந்தால் பொருள் தொலையும். லிலோவிலோ சிதைந்த இடமே பொருள் சொல்லும். இத்தகைய சொற்செட்டு பின்வந்த எந்த நிரலுக்கும் வாய்க்கவில்லை.

அடுத்து வந்த கிரப் என்னும் பூட்லோடர், தன் கோப்புகளைக் காணாதபோது ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று எழுதிவிட்டு, நான்கைந்து கட்டளைகளே அறிந்த நிலையில் பயனர் முகத்தைப் பார்த்து நிற்கும். அக்கோப்புகள் இருந்த வட்டுப் பகிர்வை எவரேனும் அழித்திருப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணமாயினும், அழித்தவர் வாக்குமூலம் எக்காலத்தும் எவ்விடத்தும் ‘ஒன்றுமே செய்யவில்லை’ என்பதாகவே அமைவது மொழியியலார் கருத்துக்குரியது.

உபுண்டு முதலிய லினக்ஸ் வகைகள் பரவிய பின் மௌனக் காலம் தொடங்கிற்று. கெர்னலுக்கு அளிக்கப்படும் கட்டளை வரியில் ‘கொயட்’, ‘ஸ்பிளாஷ்’ என்னும் இரு சொற்கள் இடம்பெற்று, முன்னது செய்திகளை அடக்க, பின்னது அழகிய படமொன்றால் எஞ்சியவற்றையும் மூட, நோயின் பெயர் நோயாளிக்கே தெரியாமற் போயிற்று. கிரப் பட்டியலில் ‘இ’ விசையை அழுத்தி அவ்விரு சொற்களையும் நீக்கி, கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்தித் தொடங்கினால் மூலபாடம் முழுதும் வெளிப்படும்; இம்மாற்றம் அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டுமே உரியதாதலின் அஞ்ச வேண்டியதில்லை.

அவ்வாறு வெளிப்படும் பாடங்களுள் ஆய்வாளர் பொறுமையை மிகுதியும் சோதிப்பது, சிவப்பு விண்மீன்கள் இடமும் வலமும் ஊசலாட, ஒரு வட்டுக்காக 90 விநாடி காத்திருப்பதாக, கெர்னலுக்குப் பின் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி என்னும் நிரல் அறிவிக்கும் பாடம். எந்த வட்டை எக்கோப்புறையில் இணைப்பது எனக் கூறும் ‘எஃப்எஸ்டேப்’ என்னும் கோப்பில், என்றோ கழற்றி அலமாரியில் வைக்கப்பட்ட வெளிவட்டின் பெயர் இன்னும் நீடிப்பதே இதன் வழக்கமான காரணம். காத்திருந்தும் வட்டு வாராதொழிய, கணினி அவசர நிலைக்குள் புகுந்து நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். இந்நிலையில் இயங்குதளத்தையே மீண்டும் நிறுவுக என்போர் ஒரு சாரார். அலமாரியைத் திறக்கச் சோம்பி வீட்டையே இடிக்கும் அக்கொள்கை ஏற்புடையதன்று. அவ்வட்டுக்குரிய வரியில் ‘நோஃபெயில்’ என்று சேர்த்தால், வட்டு இல்லாமலே கணினி தொடங்கும்.