மூன்று கோடி வாங்குகிறவனின் பஞ்சப்பாட்டு

சன்னிவேல், கலிபோர்னியா

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நம் ஏரியின் முகத்துவாரம் திறந்திருக்கிறதா, இறால் படுகிறதா என்று எழுது.

போன வாரம் மாமா போனில், "மச்சான், நீயும் தங்கச்சியும் சேர்ந்து வருஷத்துக்கு என்னதான் வாங்குறீங்க?" என்று கேட்டார். மூன்றரை லட்சம் டாலர் என்றேன். ரூபாயில் ஏறக்குறைய மூன்று கோடி. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நெட்வொர்க் போய்விட்டதென்று நினைத்தேன். பிறகு உன் குரல் வந்தது: "அப்புறம் ஏண்டா மாசக் கடைசியில கையைக் கடிக்குதுங்கற?" போனில் விளக்கினால் நீ சிரித்தே முடித்துவிடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் அரசாங்கமே என் கட்சி என்பதைத் தெரிந்துகொள். 2018-இல் இங்குள்ள மத்திய வீட்டுவசதித் துறை ஒரு கணக்குச் சொன்னது. சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 1,17,400 டாலர் வந்தாலும் அது குறைந்த வருமானக் குடும்பமாம். அன்றைய கணக்கில் ஏறக்குறைய 80 லட்ச ரூபாய். பிள்ளைகளுக்காக வருமான வரியில் ஒரு கழிவு உண்டு. கணவனும் மனைவியும் சேர்ந்து 4 லட்சம் டாலரைத் தொடும்வரை அதிலும் கைவைக்க மாட்டார்கள். 'பாவம், பிள்ளைகுட்டிக்காரர்கள்' என்று அவர்கள் இரக்கப்படும்போது வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

நம் நாடு மட்டும் சளைத்ததா? 2019-இல் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 சதவீத ஒதுக்கீடு வந்தபோது வைத்த வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். அந்த வரம்பைத் தொடும் அளவுக்கு நலிய வேண்டுமானால் நம் தோணிரேவில் இன்னும் பல வருஷம் இறால் பிடிக்க வேண்டும்.

இனி செலவு. பாதிக்கு மேல் வீடு தின்கிறது. 2024-இல் சான் ஹொசே வட்டாரத்தில் தனி வீட்டின் இடைநிலை விலை 20 லட்சம் டாலரைத் தாண்டியது. அரண்மனை இல்லை அக்கா, மூன்று படுக்கையறையும் மரச்சுவரும்தான். அந்த விலை சுவருக்கும் இல்லை, பள்ளிக்கூடத்துக்கு. இங்கே அரசுப் பள்ளியில் ஃபீஸ் கிடையாது. ஆனால் எந்தத் தெருவில் குடியிருக்கிறாயோ அந்தத் தெருவுக்கான பள்ளிதான் கிடைக்கும். நல்ல பள்ளி உள்ள தெருவுக்கு இரட்டைச் சம்பளக்காரர்கள் எல்லோரும் போட்டி போடுகிறோம். என் சம்பளம் ஏறும்போது அடுத்தவன் சம்பளமும் ஏறுகிறது. கூடுதல் பணம் முழுவதும் வீட்டை விற்கிறவன் கைக்குப் போய்விடுகிறது.

நம் ஊர்ப் பக்கம் கோட்டைக்குப்பத்தில் மீன்பிடிக்கப் பாடு போடுவார்களே, யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று முறை வைத்து? இன்று நல்ல இடத்தில் வலை கட்டியவனுக்கு நாளை வேறு இடம். (பாட்டில் பங்கே இல்லாதவர்கள் கதை வேறு, அது உனக்கே தெரியும்.) இங்கே முறையும் இல்லை, சீட்டும் இல்லை. ஏலம் மட்டுமே. ஏலத்தில் நிற்கிற யாருக்கும் தான் பணக்காரன் என்று தோன்றுவதே இல்லை.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். 1980-களில் வாங்கிய வீடு. வீடு கைமாறும்வரை சொத்து வரிக்காக அதன் மதிப்பை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாதென்று 1978-இல் மக்கள் ஓட்டுப் போட்டே சட்டமாக்கியிருக்கிறார்கள். அதனால் அவர் கட்டும் வரி எங்கள் வரியில் ஒரு சின்னப் பங்கு. அவருக்கு நாங்கள் பணக்காரர்கள், எங்களுக்கு அவர் பணக்காரர். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பெருமூச்சு.

மிச்சம் பிள்ளைகளுக்கு. சின்னவளின் மழலையர் பள்ளிக்கு மாதம் 2,800 டாலர். பெரியவனுக்கு நீச்சல், செஸ், கணக்கு. ஏரியில் நான் காசில்லாமல் கற்ற நீச்சலை அவன் குளோரின் தண்ணீரில் காசு கொடுத்துக் கற்கிறான். இன்னும் பாதிக் குளம் தாண்டவில்லை.

ஆனாலும் உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்? இந்தப் புலம்பலில் ஒரு தந்திரம் இருக்கிறது. ஓய்வுக்காலச் சேமிப்பு, வீட்டுக் கடனில் கழியும் அசல் எல்லாவற்றையும் செலவுப் பக்கம் எழுதிவிட்டு, கையில் ஒன்றும் நிற்கவில்லை என்கிறோம். காற்று சரியில்லாத நாளில் உங்களுக்கு வரவு பூஜ்யம். எனக்கோ காய்ச்சலில் படுத்தாலும் சம்பளம் வருகிறது. ஒரு பயம் மட்டும் நிஜம்: என் விசாவில் வேலை போனால் 60 நாளுக்குள் வேறு வேலை பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். 2023-இல் எங்கள் தெருவிலேயே சிலர் அப்படிக் கிளம்பிப் போனார்கள். பயம் இருப்பதால் ஒருவன் நடுத்தர வர்க்கம் ஆகிவிட மாட்டான். பயந்த பணக்காரன், அவ்வளவுதான். மாமாவிடம் அப்படியே சொல்.

பொன்னேரி கல்லூரியில் உன் பெண்ணுக்குக் கட்ட வேண்டிய ஃபீஸ் என் பெரியவனுடைய ஒரு மாத நீச்சல் கட்டணத்துக்குக்கூட வராது. இனி அவள் படிப்பு என் பொறுப்பு. ரசீதை வாட்ஸ்அப்பில் அனுப்பு. 'தம்பிக்குக் கை கடிக்கும்' என்று தயங்காதே.

அன்புடன்,
தம்பி