கொலம்பஸும் நெப்போலியனும் ஒரே கொட்டகையில்

மஹோகனி மோட்டார் படகுகளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். முகம் பார்க்கலாம் போன்ற வார்னிஷ், குரோமியப் பிடிகள், தோல் இருக்கைகள், மொத்தத்தில் பரம்பரை ஜமீன் களை. வம்சாவளியைத் தோண்டினால்தான் வாத்து வேட்டை, சூதாட்டம், சாராயக் கடத்தல், அழுகுணி ஆட்டம் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்.

மூலபுருஷர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், செயின்ட் கிளேர் ஆற்றங்கரையில் உள்ள ஆல்கோனாக் என்ற சிற்றூர்க்காரர். 1861இல் பிறந்தவர். பெயர் கிறிஸ்டோபர் கொலம்பஸ் ஸ்மித். இவ்வளவு பெரிய பெயரைச் சுமந்துகொண்டு அவர் கண்டுபிடித்த புதிய உலகம், ஊரை ஒட்டிய சதுப்பு நிலம். அங்கே வாத்து சுடுவார்; துப்பாக்கியோடு வரும் நகரத்துக் கனவான்களுக்கு வாத்து இருக்கும் இடத்தைக் காட்டுவார். வேட்டைக்கென்று தானே செய்த படகைக் கனவான்களும் கேட்க ஆரம்பித்ததும், வாத்துகளுக்கு விமோசனம் பிறந்தது.

படகுக்கு இன்ஜின் வந்தது. கூடவே வேகப் பித்தும் வந்தது. பித்துக்குப் பணம் போட வந்தவர் ரயன் என்ற சூதாடி. ஊரார் வைத்த பெயர் ‘பால்டி’, அதாவது வழுக்கை. பந்தயப் படகுகள் ஜெயித்தன. ரயன் மட்டும் சூதில் தோற்று ஓட்டாண்டியானார்.

1916இல் அடுத்த ஆள் வந்தார்: கார்ஃபீல்ட் ஆர்தர் உட். 1880 தேர்தலில் ஜனாதிபதி, துணை ஜனாதிபதியாக ஜெயித்த இருவரின் பெயரையும் அடுத்த மாதமே பிறந்த பிள்ளைக்குச் சேர்த்து வைத்திருந்தார்கள். லாரித் தொட்டியைத் தூக்கிச் சரக்கைக் கொட்டும் ஹைட்ராலிக் கருவியைச் செய்து பணம் குவித்தவர். ‘மிஸ் டெட்ராய்ட்’ என்ற படகை வாங்கினார். இதைக் கட்டியது யார் என்று விசாரித்தார். ஆல்கோனாக் போய் ஸ்மித்தின் கம்பெனியையே வாங்கிவிட்டார். மாடு பிடித்துப்போனால் தொழுவத்தையும் கிரயம் பண்ணுகிற ரகம். அந்தக் கொட்டகையில் படகு வடிவமைத்த தச்சரின் பெயர் நெப்போலியன் லிசி! கொலம்பஸ், நெப்போலியன், ஒன்றரை ஜனாதிபதி எல்லாரும் ஒரே மரத்தூளில் நின்று வேலை பார்த்தார்கள்.

முதல் உலகப்போர் முடிந்து மிஞ்சிய விமான இன்ஜின்கள் மலிவாகக் கிடைத்தன. உட் அவற்றைப் படகில் ஏற்றி, 1920இல் இங்கிலாந்துக்கே போய் ஹார்ம்ஸ்வொர்த் படகுப் பந்தயக் கோப்பையைத் தூக்கி வந்தார். 1922இல் ஸ்மித் பிள்ளைகளோடு பிரிந்துபோய், பந்தயத்துக்கு அல்லாமல் சவாரிக்கான படகு கட்டினார். ‘கிறிஸ்-கிராஃப்ட்’ பிறந்த கதை அதுதான். அப்போது மதுவிலக்குக் காலம். எதிர்க்கரை கனடா. ஆற்றில் சரக்குக் கடத்தியவர்களுக்கும் அவர்களைத் துரத்தியவர்களுக்கும் தேவை ஒன்றே, வேகப் படகு. படகுக்காரர்களுக்கு இதைவிட நல்ல சட்டம் வாய்க்குமா?

1931 செப்டம்பரில் நடந்த கூத்தைச் சொல்லியே ஆகவேண்டும். டெட்ராய்ட் ஆற்றில் அதே கோப்பைக்கான போட்டி. கரை கொள்ளாத கூட்டம். பிரிட்டனின் கே டான், ‘மிஸ் இங்கிலாந்து 2’ படகில் முதல் சுற்றில் உட்டைத் தோற்கடித்துவிட்டார். இரண்டாம் சுற்றில் உட், துப்பாக்கி வெடிக்கும் முன்பே கோட்டைத் தாண்டிப் பறந்தார். விட்டுவிடக்கூடாதே என்று டானும் பின்னாலேயே பாய்ந்தார். ஐந்து நொடிக்கு மேல் முந்தினால் ஆட்டத்திலிருந்து நீக்கம் என்பது விதி. இருவரும் அவுட்! போதாக்குறைக்கு டானின் படகு வளைவில் கவிழ்ந்தும் போனது, ஆள் தப்பினார். பின்னால் ஒழுங்காகப் புறப்பட்ட மூன்றாவது படகு சாவகாசமாகச் சுற்றி முடித்தது. அதை ஓட்டியவர் உட்டின் தம்பி ஜார்ஜ். கோப்பை வீட்டை விட்டு வெளியே போகவில்லை. அவசரத்தில் நேர்ந்த தவறு என்று நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளலாம், நான் நம்பவில்லை.

மறு வருஷம் உட் நான்கு பேக்கார்ட் இன்ஜின் பொருத்திய ‘மிஸ் அமெரிக்கா 10’ஐ மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். 38 அடி மரப்படகு அது. அதிர்ஷ்டத்துக்கு இரண்டு கரடி பொம்மைகளைப் படகில் ஏற்றிக்கொள்வது அவர் வழக்கம். அவற்றின் கருத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஸ்மித் 1939இல் காலமானார். குடும்பத்தார் 1960இல் நாலு கோடி டாலருக்குக் கம்பெனியை விற்றார்கள். பிறகு ஃபைபர் கிளாஸ் வந்து மரத்தை ஓரங்கட்டியது. பழைய படகுகள் இன்று சீமான்களின் சொத்து. குணம் மாறவில்லை. குளிர்காலமெல்லாம் கொட்டகையில் காய்ந்த படகைத் தண்ணீரில் இறக்கினால், பலகை இடுக்கெல்லாம் நீர் கசிந்து உள்ளே ஏறும். மரம் ஊறிப் பருத்து இடுக்கு அடையும்வரை உரிமையாளர் பக்கத்திலேயே காவல் இருக்க வேண்டும். எனவே யாராவது இப்படி ஒன்றை மலிவாகத் தள்ளிவிட வந்தால், வார்னிஷில் மயங்காமல் அடிப்பலகையைக் குனிந்து பாருங்கள். அப்படியும் ஆசை விடவில்லையென்றால் முதலில் ஒரு நல்ல பம்ப் வாங்கிவிடுங்கள்.