கூலிப்படைக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்?

அந்த ஒலிப்புத்தகக் கதையில் ஐந்து கொலைகாரர்கள். ஐந்து பேரும் தங்கமானவர்கள். போதைப்பொருள் கடத்துகிறவன், ஆற்று மணலை லாரி லாரியாக அள்ளுகிறவன், இருவரிடமும் மாமூல் வாங்கிக்கொண்டு மேடையில் காந்தியைப் பற்றிப் பேசுகிற மந்திரி என்று வரிசையாகத் தீர்த்துக்கட்டுவதுதான் அவர்களுக்கு வேலை. அதற்காகத் துபாய் போகிறார்கள், துருக்கி போகிறார்கள், கடலைப் பார்த்த அறையில் தங்குகிறார்கள், ஒருமுறை சுட்ட துப்பாக்கியை அதே கடலில் வீசிவிட்டுப் புதியது வாங்குகிறார்கள். இத்தனை செலவுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்று கதை முழுக்கத் தேடினாலும் ஒரு வரி கிடையாது.

மற்றவர்களுக்கு இது ஒரு குறையாகவே தோன்றியிருக்காது. கேட்டுக்கொண்டிருந்தவர் கணக்குப்பிள்ளை. களமசேரியில் குடியிருந்துகொண்டு மட்டாஞ்சேரியில் ஒரு மசாலா ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு எழுதும் கோயமுத்தூர்க்காரர். ஆலுவாவிலிருந்து வரும் தனியார் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்து, காதில் ஒலிப்புத்தகத்தைச் செருகிக்கொண்டால் இடப்பள்ளிக்குள் ஒரு கடத்தல்காரன் சாய்வான். கலூர் தாண்டும்போது ஓர் எம்.எல்.ஏ. தோப்பும்படி வருவதற்குள் மந்திரியின் மெய்க்காப்பாளனே விலைபோயிருப்பான்.

கார் துரத்தும் காட்சிகளில் மட்டும் அவருக்குச் சுவாரசியம் தட்டாது. கொச்சித் தனியார் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அதில் என்ன புதுமை இருக்கிறது? முன்னால் போகும் பஸ்ஸின் பயணிகளைப் பறிப்பதற்காக ஓட்டுநர் ஒடிக்கும் ஒடிப்பை எழுத எந்த எழுத்தாளருக்கும் துணிச்சல் வராது. கதவருகே தொங்கும் ‘கிளி’ என்கிற உதவியாள் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டினால் வண்டி கிளம்பும். இறங்கியவர் இறங்கினாரா விழுந்தாரா என்பது அடுத்த வண்டிக்காரன் பாடு.

ஒலிப்புத்தகத்தில் இன்னொரு தொந்தரவும் உண்டு. எல்லாப் பாத்திரத்துக்கும் ஒரே ஆள்தான் குரல். மந்திரிக்குத் தொண்டையில் சளி கட்டியிருக்கும், தாதாவுக்கு மூக்கு அடைத்திருக்கும், கதாநாயகி பேசினால் அதே ஆள் விரலை நசுக்கிக்கொண்டதுபோல் இருக்கும். கொலைகாரர்கள் கிசுகிசுப்பதைத் தவிர வேறு எப்படியும் பேசுவதில்லை. பஸ் இரைச்சலில் கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டினால் அடுத்த நொடி குண்டு வெடிக்கும்.

காதுக்கும் கொலைக்கும் உள்ள உறவு பழையது. 1935இல் பிரிட்டனில் பார்வையற்றோருக்காக முதன்முதலில் இசைத்தட்டில் ‘பேசும் புத்தகங்கள்’ வந்தன. ஒரு பக்கம் ஏறக்குறைய 25 நிமிடம் ஓடும். முதலில் வந்தவை இரண்டு. ஒன்று ஜோசப் கான்ராடின் புயல் கதை, மற்றது அகதா கிறிஸ்டியின் ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்’. உலகத்தில் எத்தனையோ நல்ல புத்தகம் இருக்க, ஆரம்பமே ஒரு கொலை. யாரைக் குறை சொல்வது? இரண்டாம் பக்கத்துக்குத் தட்டைத் திருப்பிப் போட வைக்கும் வல்லமை ஒரு பிணத்துக்கு இருப்பதுபோல் உபதேசத்துக்கு இல்லை.

மட்டாஞ்சேரியில் வேலை என்றதும் ஊரில் இருப்பவர்கள் கணக்குப்பிள்ளையை ஒரு மாதிரி மரியாதையோடு பார்ப்பார்கள். எல்லாம் சினிமா செய்த வேலை. அமல் நீரத் இயக்கி 2007இல் வந்த ‘பிக் பி’யும் அதன் வழியில் வந்த படங்களும் அந்தப் பக்கத்துச் சந்துகளையும் பாழடைந்த கிடங்குகளையும் ரவுடிகளின் பேரில் பட்டா எழுதிக் கொடுத்துவிட்டன. அவர் அங்கே கண்ணால் கண்ட பெரிய வன்முறை, சுக்கு மூட்டையைப் பிரிக்கும்போது கிடங்கு முழுவதும் கிளம்பும் தும்மல்தான். ஒரு காலத்தில் வேண்டுமானால் வெளியூர்க்காரன் பயந்திருப்பான். 1957இல் மிளகுக்கு முன்பேர வணிகம் தொடங்கிய சங்கம் அந்த ஜூ டவுன் தெருவில்தான் இருக்கிறது. அந்த நாளில் வியாபாரிகள் வட்டமாக நின்று தொண்டை கிழியக் கத்தித்தான் விலை பேசுவார்கள். கொலை விழுந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும், விழுந்தது மிளகு விலையாக இருக்கும்.

வீட்டில் நிலைமை வேறு. மாமியார் கோயமுத்தூரிலிருந்து வந்து தங்கியிருக்கிறார். 1500க்கும் மேல் நாவல் எழுதிய ராஜேஷ்குமாரின் சொந்த ஊர்க்காரர் என்பதில் அந்த அம்மாளுக்குத் தனிப் பெருமை. மாத நாவலில் பாதி படிக்கும்போதே கொலைகாரனைப் பிடித்துவிட்டு, மீதிப் பாதியைச் சரிபார்ப்பதற்காகப் படித்தவர். இரவு சமையலறையில் கணக்குப்பிள்ளை கதையைச் சத்தமாக ஓடவிட்டார். மாமியார் கூர்க்கக் கிழங்கைச் சாக்கில் போட்டுத் தேய்த்து, மண்ணும் தோலும் போனதை ஒவ்வொன்றாக எடுத்துக் கத்தி முனையால் கண் தோண்டிக்கொண்டிருந்தார். இரண்டு அத்தியாயம் வாயே திறக்கவில்லை. மூன்றாவதில் கத்தியைக் கீழே வைத்தார்.

“ஏனுங் மாப்ளே, இந்த அஞ்சு பேத்துக்கும் சம்பளம் ஆரு குடுக்கறாங்க?”

“அது கதைல வரலைங்க அத்தை.”

“அப்ப வெட்டிக்கா சுத்தறாங்க? அஞ்சு ஆம்பளைங்க, பொழப்பு தழப்பு இல்லாம?”

கணக்குப்பிள்ளைக்கு மாமியார்மீது அன்றைக்கு வந்த மரியாதை கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

கேள்வி நூறு வருடத்துக்கும் பழையது. ஊழல் பெரிய மனிதர்களை ஒழிக்கும் கொலைகாரர் சங்கம் ஒன்றை ஜாக் லண்டன் எழுதத் தொடங்கினார். அந்தக் கருவே சொந்தமில்லை, சின்க்ளேர் லூயிஸிடம் விலைக்கு வாங்கியது. அவருடைய சங்கத்தில் கட்டணம் உண்டு, விசாரணை உண்டு. ஆள் சாகத் தகுந்தவன்தானா என்று தீர விசாரித்த பிறகே வேலையை ஏற்பார்கள். ஒருநாள் அந்தச் சங்கத்தின் தலைவரையே கொல்லும்படி ஒருவன் வருகிறான். தலைவர் வாதம் செய்து, தோற்று, நியாயம்தான் என்று தன்மேலேயே ஒப்பந்தத்தை ஏற்கிறார். இதற்கு மேல் கதையை எப்படி முடிப்பதென்று லண்டனுக்குத் தெரியவில்லை. பாதியில் விட்டுவிட்டு 1916இல் போய்ச் சேர்ந்தார். ராபர்ட் எல். ஃபிஷ் என்பவர் முடித்துக்கொடுத்து 1963இல்தான் புத்தகம் வந்தது.

எட்கர் வாலஸ் கதை இன்னும் உருக்கம். 1905இல் ‘தி ஃபோர் ஜஸ்ட் மென்’ என்ற நாவலைச் சொந்தச் செலவில் போட்டார். ஒரு மசோதாவைக் கைவிடாவிட்டால் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சரைக் கொல்வோம் என்று மிரட்டும் நீதிமான்களின் கதை. பூட்டிய அறைக்குள் கொலை எப்படி நடந்தது என்று கண்டுபிடிப்பவர்களுக்கு 500 பவுண்டு பரிசு என்று ஊரெல்லாம் விளம்பரம் செய்தார். எத்தனை பேருக்குப் பரிசு என்று வரம்பு போட மறந்துபோனார். சரியான விடைகள் வந்து குவிந்தன. புத்தகம் நன்றாக விற்றது, மனிதர் கடனாளியானார். கதையில் ஒரு மந்திரி போனார், வெளியே போனது எழுத்தாளரின் முதல்.

நிஜக் கேரளத்தில் ‘குவட்டேஷன்’ என்று சொல்லப்படும் கூலிப்படைகள் இல்லாமல் இல்லை, நாளிதழில் அவ்வப்போது வரும். அவர்களுக்காகவே 2007இல் வந்த ‘காப்பா’ என்ற சட்டம் இருக்கிறது. காவலில் வைக்கலாம், அல்லது ஓராண்டு வரை மாவட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாதென்று வெளியேற்றலாம். மாமியார் இதைக் கேட்டுவிட்டு, “அப்ப சாலக்குடில ரூம் எடுத்துக்குவான்” என்றார். சாலக்குடி அடுத்த மாவட்டம். ரயிலில் போனால் ஒரு தூக்கம்கூட முழுசாகப் போட முடியாது.

இந்த இடத்தில்தான் கணக்குப்பிள்ளை கதையை நிறுத்திவிட்டு, களமசேரிக்குப் பக்கத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்லத் தொடங்கினார். பைபாஸில் வைற்றிலைப் பக்கம் போகிறவர்கள் இடப்பள்ளி தாண்டியதும் ஏறி இறங்கும் பாலாரிவட்டம் மேம்பாலம். சுமார் 40 கோடியில் கட்டி 2016 அக்டோபரில் திறந்தார்கள். 2019 மே மாதம் மூடிவிட்டார்கள். மூன்று வயதுகூட நிரம்பாத பாலத்தில் விரிசல். சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ந்தது, ‘மெட்ரோ’ ஸ்ரீதரன் ஆராய்ந்தார். 102 உத்திரங்களில் 97இல் விரிசல் என்றார். மீதி ஐந்து எப்படித் தப்பித்தன என்பது மர்மக் கதைக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

மலையாளிகளுக்கு இது எங்கேயோ பார்த்த பாலம். கே.ஜி. ஜார்ஜின் ‘பஞ்சவடிப்பாலம்’ 1984இல் வந்தது. நன்றாக இருக்கும் பாலத்தை இடித்துவிட்டுத் தங்கள் பெயர் நிலைக்கப் புதுப் பாலம் கட்டும் பஞ்சாயத்துக்காரர்களின் கதை. கேரளம் ஊழலைப் பற்றி எடுத்த படங்களில் தலையாயதென்று கணக்குப்பிள்ளை அதைத்தான் சொல்வார். அதில் ஒரு துப்பாக்கிகூட இல்லை.

பாலாரிவட்டத்திலும் யாரும் யாரையும் சுடவில்லை. 2020 நவம்பரில் விஜிலன்ஸ் போலீசார், பாலம் கட்டிய காலத்துப் பொதுப்பணி அமைச்சர் வி.கே. இப்ராஹிம் குஞ்ஞுவை ஆஸ்பத்திரியில் சிகிச்சையில் இருக்கும்போதே கைது செய்தார்கள். அப்போது அவர் களமசேரியின் எம்.எல்.ஏ. எல்லாம் அரசியல் பழிவாங்கல் என்று குற்றச்சாட்டை மறுத்தார், 2021 ஜனவரியில் ஜாமீன் கிடைத்தது. அந்த வருடத் தேர்தலில் அவர் மகன் நின்றார், சி.பி.எம்.மின் பி. ராஜீவ் ஜெயித்தார்.

குற்றச்சாட்டின் மையம் என்ன தெரியுமா? பையில் கட்டுக்கட்டாகப் பணமில்லை, நள்ளிரவுப் படகில்லை. ஒப்பந்தத்தில் இல்லாத ஒரு முன்பணம், 8.25 கோடி, காண்டிராக்டருக்குக் கொடுக்கப்பட்டது, அதுவும் குறைந்த வட்டிக்கு என்பது. ‘மொபிலைசேஷன் அட்வான்ஸ்’ என்று கணக்கில் பெயர். கணக்குப்பிள்ளைக்கு அந்தச் செய்தியைப் படித்தபோது உடம்பு சிலிர்த்துப்போனது. பேருந்தில் கேட்ட எந்தக் குண்டுவெடிப்பும் அவரை அப்படிச் செய்ததில்லை. இதையெல்லாம் ஒலிப்புத்தகமாகப் படித்தால் கேட்கிறவன் இடப்பள்ளிக்குள் தூங்கிவிடுவான் என்பது அவருக்கும் தெரியும்.

மாமியார் தூங்கவில்லை. முப்பது வருடம் சீட்டு நடத்தியவர்.

“முதல்ல பணத்தைக் குடுத்துப்போட்டு, வட்டியையும் கொறச்சா, எடுத்தவன் எதுக்குங்க அவசரப்படறான்? அவன் பாலம் கட்டுவானா, பணத்தை வேற பக்கம் விடுவானா?”

இதே சந்தேகத்தை விஜிலன்ஸ் பல பக்கம் எழுதியிருக்கிறது.

மிச்சக் கதையை எந்தப் பதிப்பாளரும் நம்பமாட்டார். பாரம் ஏற்றிச் சோதிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது, இடித்துக் கட்டலாம் என்று 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஸ்ரீதரனின் மேற்பார்வையில் டில்லி மெட்ரோ நிறுவனம் ஆறு மாதத்துக்குள் பாலத்தைப் புதுப்பித்துவிட்டது. பணம்? கொச்சியில் தாங்கள் கட்டிய மற்றப் பாலங்களில் மிச்சம் பிடித்த பணம். அரசு வேலையில் மிச்சம்! துருக்கியில் சுடுவதையெல்லாம் நம்பிய மாமியார் இந்த இடத்தில், “சும்மா கதை உடாதீங்க” என்றார். 2021 மார்ச் 7ஆம் தேதி பாலம் திறந்தது. தேர்தல் விதிமுறை அமலில் இருந்ததால் விழா இல்லை, ரிப்பன் இல்லை, கல்வெட்டில் பெயர் பொறிக்க ஆளில்லை. வண்டிகள் பாட்டுக்கு ஏறிப் போயின. அதே ஸ்ரீதரன் அடுத்த மாதம் பாலக்காட்டில் பா.ஜ.க. வேட்பாளராக நின்று தோற்றார் என்பது உபகதை.

இதற்கிடையே ஐந்து நீதிமான்கள் மந்திரியின் பண்ணை வீட்டு மதில்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்கள். அங்கேயே நிற்க வேண்டியதாயிற்று. கடைசி அத்தியாயம் பூட்டியிருந்தது. திறக்க வேண்டுமென்றால் நாணயம் வாங்க வேண்டும் என்றது செயலி. லஞ்சத்தை ஒழிக்கிற கதை, அதற்கும் வாசலில் நின்று ஒருவன் கை நீட்டுகிறான்.

“ஒத்தப் பைசா குடுக்காதீங்” என்று மாமியார் எழுந்து கிழங்கைக் கழுவப் போனார். “ரெண்டாவதா பேசறானே, தெலுங்கு வாடையோட, அவந்தான் காட்டிக்குடுக்கறவன். வேணும்னா பாருங்க.”

மறுநாள் பஸ்ஸில், கலூர் நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தபோது, கணக்குப்பிள்ளை யாருக்கும் தெரியாமல் நாணயம் வாங்கினார். காட்டிக்கொடுத்தவன் இரண்டாமவனேதான். செத்ததாகச் சொன்ன மந்திரி கடைசி நிமிடத்தில் இருமினார். அதே தொண்டை, அதே சளி. இரண்டாம் பாகம் விரைவில் வரும் என்றது குரல்.

வீட்டுச் செலவு நோட்டில் அந்தத் தொகையைப் பால் கணக்குக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவே ‘இதர செலவு’ என்று எழுதிவைத்திருக்கிறார். மாதக் கடைசியில் அந்த நோட்டை வரி வரியாகக் கூட்டிப் பார்ப்பது மாமியார்.