ஒரு சின்னக் கேள்வி

"ஒரு சின்னக் கேள்வி" என்று அத்தான் எழுந்தால், மைக்கைத் தூக்கிக்கொண்டு அலையும் பையன் பக்கத்தில் காலி நாற்காலி பார்த்து உட்கார்ந்துவிடுவான். அவனுக்கு அனுபவம் உண்டு.

அக்காவின் கணவர் என்பதால் எனக்கு அத்தான். மற்றபடி அவர் பொதுச் சொத்து. வரலாறும் இன்றைய கொள்கையும் என்று எங்கே அழைப்பிதழ் அச்சானாலும், இரண்டாவது வரிசை ஓர நாற்காலி அவருடையது. முதல் வரிசையில் உட்கார மாட்டார். எழுந்து பேசும்போது நாலு பேராவது கழுத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டாமா? உங்கள் ஊர் அரங்கிலும் இப்படி ஒருவர் இருப்பார். ஜோல்னாப்பை மாறலாம், மூக்குக்கண்ணாடி மாறலாம், சோழன் மாறமாட்டான்.

ஜிஎஸ்டி வந்த 2017-ல் ஒரு ஆடிட்டர் வந்து பேசினார். முக்கால் மணி நேரம் விளக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனவரை அத்தான் பிடித்துக்கொண்டார். "முதலாம் குலோத்துங்கனுக்கு என்ன பட்டம்? சுங்கம் தவிர்த்த சோழன்! அவனால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது?" கைதட்டல். ஆடிட்டருக்குப் புரையேறிவிட்டது. அதே குலோத்துங்கன் 1086-ல் நிலத்தையெல்லாம் மறுபடி அளக்க வைத்தான். வரி போடத்தான் அளந்தானே தவிர, வேடிக்கை பார்க்க அல்ல. அந்தப் பக்கம் அத்தானுக்குக் கண் போகாது.

குடிநீர்க் கூட்டம் என்றால் வீராணம். "முதலாம் பராந்தகன் காலத்து ஏரி சார்! 2004-லிருந்து அந்தத் தண்ணீர் குழாயில் சென்னைக்கு வருகிறது. சோழன் ஏரி வெட்டியிருக்காவிட்டால் இன்று நீங்கள் குளித்திருப்பீர்களா?" இதில் சிக்கல் என்னவென்றால், அவர் சொல்வது உண்மை. முழுக்கப் புளுகுகிறவரை உட்கார வைத்துவிடலாம். பாதி சரியாகச் சொல்கிறவரை என்ன செய்வது? பேச வந்தவர் தலையாட்டுவார். அது போதும், கல்லணை, கரிகாலன், ஆர்தர் காட்டன் என்று பதினோரு நிமிடம் ஓடும். கடைசியில் "அப்போ கேள்வி?" என்று தலைவர் கேட்டால், "கேள்வி இல்லை, கருத்து" என்று உட்காருவார்.

போன மாதம் உள்ளாட்சித் தேர்தல் பற்றி ஒரு பேச்சு. பேசியவர் கல்வெட்டு படித்த அம்மா. மெல்லிய குரல், கைத்தறிப் புடவை. அன்று மெதுவடை வேறு சூடாக இருந்ததால் அத்தானுக்கு உற்சாகம் அதிகம். "உலகத்துக்கே ஓட்டுப் போடக் கற்றுக்கொடுத்தது உத்திரமேரூர். குடவோலை! அந்த விதிகளை அப்படியே சட்டமாக்கினால் என்ன?"

அந்த அம்மா சிரித்தார். "குடவோலை ஓட்டு இல்லைங்க ஐயா, சீட்டுக் குலுக்கல். பேரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். அதுவும் பிராமணச் சபைக்கு. ஆனாலும் விதிகள் நல்ல விதிகள்தான். கி.பி. 921-ஆம் வருஷத்துக் கல்வெட்டுப்படி முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபதுக்குள் இருக்க வேண்டும்."

அத்தானுக்கு எழுபத்தொன்று.

"வரி கட்டும் நிலம் கால் வேலியாவது வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும்."

நாங்கள் இருவருமே குடியிருப்பது அடுக்குமாடியில். அவர் மூன்றாம் மாடி, நான் இரண்டு. நிலத்தில் அவருக்குப் பிரிக்கப்படாத பங்கு ஏதோ சதுர அடிக் கணக்கில் பத்திரத்தில் இருக்கிறது. கால் வேலி இராது.

"கடந்த மூன்று வருஷத்தில் வாரியத்தில் இருந்தவர் கூடாது."

எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு ஆறு வருஷமாகத் தொடர்ந்து பொருளாளர் அத்தான். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

"முக்கியமானது இதுதான். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பேரைக் குடத்திலேயே போடக்கூடாது."

லிஃப்ட் பழுது, தண்ணீர் லாரி, வாட்ச்மேன் சம்பளம் என்று ஆறு வருஷத்துக் கணக்கும் அக்கா வீட்டுப் பீரோவில், ஜவுளிக்கடை மஞ்சள் பையில், சீட்டுச் சீட்டாக இருக்கிறது. இருக்கிறது என்று அத்தான் சொல்கிறார். ஒவ்வொரு பொதுக்குழுவிலும் "ஆடிட்டிங்கில் இருக்கு" என்பார். கைக்குட்டையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினேன்.

"அவர் மட்டும் இல்லை, அவருடைய சொந்தக்காரர்களுக்கும் அதே தடை. அப்பா, மகன், மாமனார், மருமகன், மனைவியோடு பிறந்தவன்..."

கைக்குட்டையை எடுத்துவிட்டேன். அடுத்த மாதச் சங்கத் தேர்தலில் செயலாளர் பதவிக்கு மனு கொடுத்திருப்பது நான்தான்.

மைக் பையன் முதல்முறையாக எழுந்து நின்று, "சார், வேற ஏதாவது?" என்றான். அத்தான் மைக்கைக் கொடுத்துவிட்டார். மொத்தம் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

வீட்டுக்கு ஆட்டோவில் வந்தோம். சிக்னல் வரை பேச்சில்லை. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஆயிரம் வருஷத்துக்கு முந்தின சட்டத்தை இன்றைக்கு அப்படியே பொருத்தக்கூடாதுடா. காலம் வேற, சூழல் வேற."

"சரி அத்தான். அப்போ அந்தக் கணக்கு?"

"டிரைவர், லெஃப்ட்ல திருப்புங்க" என்றார்.