டொல்பினா, யானையா: போடியார் கணக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட சிக்கல் இது. மட்டக்களப்புப் படுவான்கரையில் பல வட்டைகளில் நெல் வாங்கி, ஆலையில் குத்திக் கொழும்புக்கு அனுப்பும் ஒரு போடியார், தம் கணக்குக் கொப்பிகளைக் கணினிக்கு மாற்ற விரும்புகிறார். உரிமக் காசு கேட்காத, திறந்தமூலத் தரவுத்தளம் வேண்டும். பெருவணிகத்துக்குத் தரவுத்தளம் தெரிவாவது தாய்வழிக் குடிமுறைப்படியே என்பது எமது கருதுகோள்.

முதலில் இலச்சினைகள். மைஎஸ்கியூஎல்லுக்கு டொல்பின், போஸ்ட்கிரஸுக்கு யானை. இதனால் அறிஞர் இரு பள்ளிகளாகப் பிரிந்துள்ளனர். கடலை அண்டிய எழுவான்கரைப் பள்ளி டொல்பினை ஆதரிக்கிறது. படுவான்கரைப் பள்ளிக்கு யானையை நன்றாகத் தெரியும். வேளாண்மையை மிதித்துவிட்டுப் போகும் பிராணியிடம் நெற்கணக்கை ஒப்படைக்க அது தயங்குகிறது.

ஆனால் இந்த யானையின் குணம் வேறு. 1986இல் பேர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிறேக்கர் தொடங்கிய திட்டத்தின் வழிவந்தது; ஒத்துவராத கணக்கை உள்ளே விடாது. டொல்பினோ இளவயதில் எதைக் கொடுத்தாலும் சிரித்துக்கொண்டே வாங்கும். மிகச்சிறிய எண்ணுக்கான கட்டத்தில் 300 மூடை என்று பதிந்தால், 127 என்று எழுதிக்கொண்டு, ஓர் எச்சரிக்கையை முணுமுணுத்துவிட்டுப் போய்விடும். மிச்சம் 173 மூடை எங்கே என்று வயலைப் பார்க்கும் முல்லைக்காரரைத்தான் கேட்பார்கள். 2015இல் வந்த 5.7ஆம் பதிப்பு இந்தக் குணத்தைத் திருத்திவிட்டது. முல்லைக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை.

2004 ஆழிப்பேரலைக்குப் பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிய இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதிய சஹானா மென்பொருளும் டொல்பின்மீதுதான் ஏறியது. நாவலடி அழிந்து கிடந்த நாட்களில் ஒப்பீட்டு ஆய்வுக்கு யாருக்கு நேரம்? பலருக்குக் கைபழகிய கருவி அது. இந்தப் பந்தியில் ஆய்வாளர் பகிடி விடுவதாக இல்லை.

இனிக் குடி விசாரணை. டொல்பினைப் படைத்தவர்களுள் ஒருவரான மொன்டி விடேனியஸின் மூத்த மகள் பெயர் மை. அந்தப் பெயர் தாங்கிய சொத்து 2008இல் சன் நிறுவனத்துக்கு ஏறத்தாழ நூறு கோடி டொலருக்குக் கைமாறியது. அடுத்த ஆண்டே சன்னை ஒரக்கிள் வாங்கப் புறப்பட்டது. மூத்தவளின் சீதனவீடு அயலாரிடம் போனால் தகப்பன் என்ன செய்வார்? திறந்த உரிமம் இடங்கொடுத்தபடி அதே வீட்டை அச்சொட்டாகப் பிரதியெடுத்து, இளையவள் மரியாவின் பெயரில் மரியாடிபி என்று நிறுத்தினார். பெண்பிள்ளைக்கே வீடு எழுதும் மட்டக்களப்பாருக்கு இதற்கு உரை தேவையில்லை. போடியார் முதன்முறையாகத் தலையாட்டியதும் இங்கேதான்.

ஆயினும் மரியாடிபி தெரிவாகவில்லை. எமது பக்கத்தில் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருகிறார். தரவுத்தளமும் அவருடனேயே வருகிறது. சாமத்தில் ஆலைக்கணக்கு நின்றால் தட்டி எழுப்பக்கூடியவர் அவர் ஒருவரே. மூத்த மருமகன் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவருக்குத் தெரிந்தது யானை. ஆகவே போஸ்ட்கிரஸ். மாற்றி எழுதிய வரிகளின் பழைய படிகளை அது உள்ளேயே குவித்து வைக்கும். அவற்றைக் கூட்டியள்ளும் வேலை தானாகவே நடக்கிறதா என்று பார்ப்பதும் மருமகன் பொறுப்பு.

இளைய மகளுக்குப் பேசிவரும் பிள்ளை மொங்கோடிபியில் விற்பன்னராம். அது 2018 ஒக்டோபரில் உரிமத்தை மாற்றிக்கொண்டதால் திறந்தமூலக் குடியில் இனிச் சேராது என்கிறார்கள். பெண்வீட்டார் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.