ஒற்றை எழுத்தில் ஒழிந்த மொய்

புரோகிராம் எழுதப் பழகுகிற பிள்ளை ஒன்று வந்து, "மூடித் திறந்தா எல்லாம் போயிடுது" என்று முறையிட்டால் நாம் என்ன செய்வோம் என்பது உங்களுக்கே தெரியும். தொண்டையைச் செருமிக்கொண்டு டேட்டாபேஸிலிருந்து ஆரம்பிப்போம்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் அதுதான் நடந்தது. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அக்கா மகன் முதலாமாண்டு இன்ஜினியரிங். அவன் அத்தை பிள்ளைகளுக்கு அடுத்த வாரம் காதுகுத்து. பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்துகளில் கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டி ரசீது கொடுப்பதை யூடியூபில் பார்த்துவிட்டு, பைத்தானில் தானே ஒரு மொய் புரோகிராம் எழுதியிருந்தான். பெயர், ஊர், தொகை கேட்கும், கூட்டிச் சொல்லும், மூடினால் மறந்துவிடும். வாங்கிய மொய்யை மறந்துவிட்டு ஒரு குடும்பம் ஊருக்குள் தலைகாட்ட முடியுமா?

கூடத்தில் ஐடிக்காரர்கள் நாங்கள் மூன்று பேர். "போஸ்ட்கிரெஸ் போட்டுடு, டாக்கர்ல ஏத்திடலாம்" என்றான் என் மைத்துனன். "ஒரே நேரத்துல எத்தனை பேர் யூஸ் பண்ணுவாங்க? ஸ்கேல் ஆகணும்ல?" என்றான் சித்தப்பா மகன். "தாத்தா ஒருத்தர்தான் மாமா" என்றது பிள்ளை. நான் ஒன்றும் சொல்லவில்லை. வாயில் வடை இருந்தது.

சொல்ல வேண்டியது சின்ன விஷயம். புரோகிராம் ஓடும்போது மொய்ப் பட்டியல் இருப்பது ரேமில். ஓடி முடிந்ததும் அந்த இடத்தை ஆப்பரேட்டிங் சிஸ்டம் பிடுங்கிக்கொள்ளும். பட்டியல் தங்க வேண்டுமானால் டிஸ்கில் ஒரு ஃபைலில் எழுது, அடுத்த முறை முதல் வேலையாக அதைப் படி. அவ்வளவுதான். இதை எந்த வரிசையில் சொல்லித்தர வேண்டும் என்பதில் எனக்குத் திட்டவட்டமான கருத்து ஒன்று உண்டு. சொல்கிறேன். அதற்கு முன் இந்த டபிள்யூவைப் பற்றி ஒரு வார்த்தை.

பிள்ளை ஏற்கெனவே பாதி வழி வந்திருந்தான். ஓப்பன் போட்டு, ஃபைல் பெயர் கொடுத்து, பக்கத்தில் 'டபிள்யூ'. பார்த்தால் பரம சாது. "எழுதுப்பா" என்று மொய் நோட்டைக் கையில் கொடுத்தால், அதுவரை எழுதிய பக்கங்களையெல்லாம் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டுப் பேனா மூடியைக் கழற்றுகிற ஆள் அது. எழுதும்போதுகூட இல்லை, திறந்த கணமே ஃபைல் காலி. அடுத்த வரியில் பிழை வந்து புரோகிராம் நின்றுபோனாலும் காலி காலிதான். இவனோ அந்த ஓப்பனை லூப்புக்குள் வைத்திருந்தான். ஒத்திகைக்குத் தாத்தா பழைய நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, 40 பேரை இங்கிலீஷில் தட்டினான். திறந்து பார்த்தால் ஒரே ஒரு வரி: கருப்பையா, செக்கானூரணி, 101. ஊரே திரண்டு வந்த விசேஷத்தில் கருப்பையா மட்டும்தான் கை நனைத்ததற்கு மொய் செய்திருக்கிறார். தாத்தாவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது வேறு.

வாட்ஸ்அப்பில் ஒரு குட்மார்னிங் படத்தை அழிக்கப் போனால் 'எனக்கு மட்டுமா, எல்லோருக்குமா' என்று கேட்கிறது. பைத்தான் கேட்காது. ஒரு கோலன் விட்டுப்போனால் கூப்பாடு போடும். ஒரு ஸ்பேஸ் தள்ளி நின்றால் வேலைநிறுத்தம் செய்யும். ஊர் மொய்யை அழிக்கும்போது மட்டும் அப்படியொரு அமைதி! கேட்டால் பரம்பரைக் குணம் என்பார்கள். சி மொழியின் எஃப்ஓப்பனிலேயே டபிள்யூ இப்படித்தானாம். 1991-இல் வந்த பைத்தானுக்கும் அது அப்படியே இறங்கிவிட்டது. பாட்டன் சொத்து சரி, பாட்டன் வியாதியுமா? 2012-இல், 3.3 பதிப்பில், 'எக்ஸ்' என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அந்தப் பெயரில் ஃபைல் ஏற்கெனவே இருந்தால் தொட மாட்டேன் என்று பிழை காட்டும். உருப்படியான எழுத்து. முதல் பாடத்தில் அதைச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. எல்லா எடுத்துக்காட்டிலும் டபிள்யூ, எழுதுவது 'ஹலோ வேர்ல்டு'. அது அழிந்தால் யார் வீட்டுக் குடி முழுகப்போகிறது? முழுகுவதெல்லாம் அதை நம்பிக் கணக்கு எழுதுகிற பிள்ளையின் குடி.

சரி, போகட்டும். 'ஏ' போடு, இருப்பதோடு சேர்த்து எழுதும் என்றேன். போட்டான். பிரிண்ட் தானாக அடுத்த வரிக்குப் போகும்; ரைட் போகாது. 'முருகேசன்500செல்வி1001பாண்டி200' என்று ரயில் பெட்டிபோல வந்தது — இல்லை, அப்படி வரவேண்டிய இடத்தில் என்கோடிங் பிழை வந்தது. இங்கிலீஷ் பெயரைத் தாத்தா ஒத்துக்கொள்ளாததால் தமிழில் தட்டியிருந்தான், விண்டோஸுக்கு ஆகவில்லை. யூடிஎஃப்-8 என்று சொல்லிக் கொடுத்த பிறகுதான் ரயில் வந்தது.

சித்தப்பா மகன் ஜேசான் என்றான். நல்ல யோசனைதான். ஆனால் ஃபைலைப் பார்த்த தாத்தா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இது யாரு பேருய்யா?" என்றார். முருகேசனின் 'ம' இருக்க வேண்டிய இடத்தில் பேக்ஸ்லாஷ், யூ, பூஜ்ஜியம், பி, ஏ, ஈ. 'என்ஷூர் ஆஸ்கி' என்பதை ஃபால்ஸ் ஆக்கினால்தான் பைத்தானின் ஜேசான் தமிழைத் தமிழாக எழுதும். அதையும் நாமாகத்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

எஸ்க்யூஎல்லைட் இருக்கிறதே என்பீர்கள். 2000-இல் ரிச்சர்ட் ஹிப் எழுதியது. 2006 முதல் பைத்தானோடு கூடவே வருகிறது. சர்வர் கிடையாது, ஒரே ஃபைல். தாத்தாவின் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் அதுதான். எனக்கும் நாக்கு நுனி வரை வந்தது. நானும் அந்தக் கூட்டம்தானே.

வரிசையைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? முதலில்... அதற்குள் பிள்ளை, "மாமா, நடுவுல கரண்ட் போனா? லேப்டாப்ல பேட்டரி செத்துப்போச்சு" என்றான். பஃபரில் நிற்கிற மொய் போய்விடும் என்றேன். பஃபர் என்றால் என்ன என்றான். ஃப்ளஷ், எஃப்சிங்க் என்று நான் போய்ச் சேர்வதற்குள் கறிக்குழம்பில் ஆடை படிந்துவிட்டது. அக்கா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இரவு பதினொரு மணிக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மைத்துனன் ஒரு படம் போட்டிருந்தான். மூன்று சர்வர், நடுவில் லோட் பேலன்சர், ஓரத்தில் மேகம். கீழே ஒரே ஒரு கேள்வி: மண்டபத்தில் வைஃபை உண்டா? தாத்தா அதற்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருக்கிறார்.