இரண்டு லட்சத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

கேள்வி: ஒரு பழைய மாருதி 800, கையில் இரண்டு லட்ச ரூபாய். வீட்டிலேயே ஸ்போர்ட்ஸ் கார் கட்டி ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) மாமல்லபுரம் வரை பறக்க முடியுமா?
– வாசகர், மறைமலைநகர்

பதில்: கட்டலாம், ஈ.சி.ஆரில் பறக்க முடியாது. ஏழையின் வேகம் எடைக் குறைப்பில் இருக்கிறது. 796 சிசி என்ஜினின் 37 குதிரைத்திறன் சுமார் 650 கிலோவை இழுக்கிறது. இரும்புக் குழாய்ச் சட்டத்தில் அதே என்ஜினைப் பூட்டி, மொத்த எடையை 400 கிலோவுக்குள் அடக்கினால், ஒவ்வொரு குதிரைக்கும் சுமை 18 கிலோவிலிருந்து 11 ஆகிறது. என்ஜினைத் தொடாமலே கிடைத்த வேகம் அது! கோவையின் பந்தய வீரர் கரிவரதன் மாருதி 800 என்ஜினை வைத்துத்தான் ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கினார். ஃபார்முலா 1 வரை போன நரேன் கார்த்திகேயன் பந்தயத்தில் அடியெடுத்து வைத்ததும் அந்தக் காரில்தான்.

‘சொந்தமாகக் கட்டிய காருக்குச் சாலையில் ஏன் தடை?’ என்பீர்கள். 1952-இல் கோவை விஞ்ஞானி ஜி.டி. நாயுடு 2,000 ரூபாயில் இரண்டு பேர் போகும் கார் செய்தார். அரசு உரிமம் தரவில்லை. அது நாட்டுக்கு நஷ்டம். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவான வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது: சோதிக்காத குழாய்ச் சட்டம் ஓடும்போது முறிந்தால் அடிபடுவது எதிரே வருபவரும்தான். உங்கள் காருக்கு உரிய இடம் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம். எதில் சிக்கனம் பிடித்தாலும் பிரேக்கிலும் வெல்டிங்கிலும் பிடிக்காதீர்கள்.